கிருஷ்ணப்பன் சமன் செய்த கடற்கரை

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் கடலைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் கிருஷ்ணப்பனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். பெயருக்கு முன்னால் 'புவியியல் செம்மல்' என்றொரு பட்டம் உண்டு. பட்டம் வழங்கிய மன்றத்துக்குத் தலைவர் அவர், செயலாளர் அவர், விழாவன்று மைக் செட்டுக்காரனைத் தேடிப் போய்க் கூட்டிவந்தவரும் அவரே.

கைபேசியைக் காதில் வைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஸ்பீக்கரில் போட்டு, தீபாராதனைத் தட்டு மாதிரி முகத்துக்கு நேராக ஏந்திக்கொள்வார். எப்பேர்ப்பட்டவர்கள் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? பெரும்பாலும் கூப்பிடுவது கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பெண். அவளிடமும், "மேடம், ஒரு முக்கியமான மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி சொல்வார்.

அவருடைய பேச்சுகளில் சிறந்தது, போன ஆடி மாதம் அரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேரிடர் விழிப்புணர்வு நாளன்று நடந்தது. பெரிய தகரத் தட்டு ஒன்றில் மணலைப் பரப்பி, ஒரு பக்கம் தண்ணீர் விட்டு, கரையோரம் மணல்மேடு ஒன்றைக் குவித்தார். அதன் தலையில் அருகம்புல் செருகினார். மேட்டுக்குப் பின்னால் தீப்பெட்டிகளை வீடுகளாக அடுக்கினார். மணலைச் சலித்துக் கொடுத்து, தட்டைத் தூக்கிவந்து, தண்ணீர் ஊற்றியவள் மனைவி மணிமேகலை. புகைப்படத்தில் அவள் கை மட்டும் விழுந்தது.

"மாணவச் செல்வங்களே! கரை என்பது நின்ற இடத்தில் நிற்பதல்ல. ஒவ்வொரு புயலும் அதைக் கொஞ்சம் வெட்டுகிறது, கொஞ்சம் ஒட்டுகிறது, கொஞ்சம் உள்ளே தள்ளுகிறது. பேரலை கரை மணலை அள்ளிப்போய்க் கடலுக்குள் திட்டாகப் போடுகிறது. அந்தத் திட்டில் அடுத்த அலை மோதி உடைகிறது. காற்று அடங்கிய மாதங்களில் சின்ன அலைகள் அதே மணலைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. இந்த மேடு இருக்கிறதே, இதுதான் கரையின் சேமிப்பு. புயலில் கடல் பொங்கி ஏறும்போது மேடு இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். மேடு இல்லாத இடத்தில் உள்ளே போகும்!"

சொல்லிவிட்டு ஒரு விரலால் மேட்டை வழித்தெடுத்தார். பலகையால் தண்ணீரைத் தள்ளினார். தீப்பெட்டிகள் மிதந்தன. மணல், விசிறி விரித்ததுபோல அந்தப் பக்கம் பரவியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கைதட்டாதவன் ஒருவன் கடைசி பெஞ்சில் இருந்தான். தம்பி அர்ச்சுனன். மகள் அங்கே படிப்பதால் வந்தவன், அண்ணன் எங்காவது சறுக்குவாரா என்று கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல மாணவனைவிட நல்ல எதிரி பாடத்தைக் கவனமாகக் கேட்பான்.

எதிரி என்பது வெறும் பேச்சில்லை. அப்பாவின் கருமாதிக்குக் கிருஷ்ணப்பன் அடித்த பேனரில் அப்பா படமும் அவர் படமும் ஒரே அளவில் இருந்தன. யார் இறந்தது என்று வெளியூர்க்காரர்கள் விசாரித்தார்கள். அர்ச்சுனன் தன் பெயரைத் தேடினான். கீழே 'மற்றும் குடும்பத்தார்' என்று இருந்தது. அந்த மற்றும் குடும்பத்தார் அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதில்லை. எதிரெதிரே நின்றாலும் நடுவில் ஓர் ஆள் வைத்துத்தான் பேச்சு. ஆள் கிடைக்காதபோது ஆடு.

பாகம் பிரிக்கும் நாள் வந்தது. அப்பா விட்டுப்போனது மூன்று நிலம். ஊரை ஒட்டிக் கிணற்று நிலம். அதற்கு மேல்புறம், சித்தேரி மலையிலிருந்து இறங்கும் ஓடையோரமாக ஒரு கல்லாங்காட்டுக் கொல்லை. மூன்றாவது, கடலூர்ப் பக்கம் கடற்கரையில் ஒரு மணல் காடு. அப்பா மலைப்புளியை லாரியில் ஏற்றிப்போய் விற்றுவிட்டுக் கருவாடு ஏற்றிவருவார். ஒருமுறை கருவாட்டோடு பத்திரமும் கொண்டுவந்தார். "அங்க என்னாங்க வெளையும்?" என்று அம்மா கேட்டதற்கு, "காத்து" என்றார். அதற்குமேல் யாரும் அந்த நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது ஒருவன் பேசியிருந்தான். சென்னையிலிருந்து ஒரு ரிசார்ட் பார்ட்டி. "ரோட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியணும் சார். தெரிந்தால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றிருந்தான். அன்று முதல் கிருஷ்ணப்பனுக்குக் காதில் அலையோசை.

சிக்கல் என்னவென்றால், அந்த ஊர் வழக்கப்படி மூத்தவன் பாகத்தைப் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஏமாற்றினால் அவனே மாட்டிக்கொள்ளட்டும் என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. கிருஷ்ணப்பனும் யோசித்தார். கிணற்று நிலம் தனியாக ஒரு பாகம். கொல்லையும் கடற்கரையும் சேர்த்து ஒரு பாகம். கிணற்றை விட்டுவிட்டு எவன் காற்றை எடுப்பான்? ஆனால் அர்ச்சுனன் சந்தேகப் பிராணி. கிணற்றை அண்ணன் சும்மா நீட்டினால், எதற்கு நீட்டுகிறார் என்று மறுபாகத்தை மோந்து பார்ப்பான்.

அதற்கும் மருந்து இருந்தது. அண்ணன் புகழ்ந்த எதையும் அர்ச்சுனன் சின்ன வயதிலிருந்தே தொடமாட்டான். அப்படிப் புகழ்ந்து தலையில் கட்டப்பட்ட ஒரு சைக்கிளால் அவன் முன்பல் பாதி போயிருந்தது.

தாய்மாமன் சென்னப்பன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஊர் உட்கார்ந்தது. கிருஷ்ணப்பன் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, கடற்கரை நிலத்தைப் புகழ ஆரம்பித்தார். வெண்மணல் என்றார். வங்கக் கடலின் தாலாட்டு என்றார். பல்லவர்கள் என்றார். டீ வந்து ஆறிப்போனது.

அர்ச்சுனன் மாமனைப் பார்த்துச் சொன்னான்: "மாமா, அவருகிட்ட சொல்லுங்க. எனக்குக் கிணத்து நெலமே போதும். கடல அவரே வச்சிக் குளிக்கட்டும்."

"கேட்டியா மாப்ள?" என்றார் சென்னப்பன்.

கேட்டது. சிரிப்பை மறைக்கக் கிருஷ்ணப்பன் சால்வையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. ஊர் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. தம்பிக்குக் கிணற்றையே விட்டுக்கொடுத்த தமையன் என்று டீக்கடையில் பேசினார்கள். "கொடுத்துப் பழகிய கை" என்று அவர் அடக்கமாகச் சொன்னார்.

புரட்டாசியில் மணிமேகலையோடு கடற்கரைக்குப் போனார். நிலம் இருந்தது, கடலும் இருந்தது. ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. குறுக்கே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு, அடும்பங்கொடி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்து நிலங்களிலும் அதே மேடு தொடர்ந்து ஓடியது.

இந்த இடத்தில் தருமபுரி விவசாயியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிலத்தில் மேடு இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. தண்ணீர் பாயாது, ஏர் ஓடாது, பார்க்கிறவன் சிரிப்பான். பாறையைக்கூடப் பொறுத்துக்கொள்வான். மேட்டைத் தட்டாமல் விட்டால் அப்பன் பெயர் கெட்டுவிடும் என்று நினைப்பான். கிருஷ்ணப்பன் முப்பது வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவர்தான். ஆனால் மேட்டைப் பார்த்ததும் அவருக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது புவியியல் இல்லை. அவருடைய தாத்தா.

"பொக்லைனுக்குச் சொல்லணும்" என்றார்.

மணிமேகலை மேட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, அரூர்ல தட்டுல வச்சிக் காட்டுனீங்களே, இது அந்த மேடுதானுங்களே?"

"அது பாடம். இது பட்டா" என்றார் கிருஷ்ணப்பன்.

பொக்லைன் வந்து முதல் வாய் அள்ளியதும், மேட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். சகாயமேரி. கருவாட்டுக் கடை வைத்திருப்பவள்.

"யாரக் கேட்டு எடுக்கற? மேடு போனா காத்தும் மண்ணும் எங்க வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும். என் ஆடு எங்க மேயும்? வலைய எங்க காயப் போடுவேன்?"

ஆடு, வலை! வழிவிடக் காசு கேட்கிற கூட்டம் என்று கிருஷ்ணப்பன் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். இதுமாதிரி எத்தனை பேரைப் பார்த்தவர்.

"அம்மா, மணல் என்பது பல்லாயிரம் ஆண்டுகளாக இடம்பெயர்ந்துகொண்டே இருப்பது..."

"நீ மொதல்ல எடம்பெயருய்யா!"

குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி அவர் காலடியில் வீசினாள். கிருஷ்ணப்பன் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்படுவதில்லை. பையிலிருந்து தன் முகவரி அட்டையை எடுத்து நீட்டினார். பட்டம் தங்க எழுத்தில் மின்னியது. "குறைகள் ஏதும் இருந்தால் இந்த எண்ணில் தொடர்புகொள்ளலாம்."

மேடு போயிற்று. அள்ளிய மணலைப் பின்னாலிருந்த பள்ளத்தில் தள்ளி, களத்துமேடு மாதிரி தட்டையாக இழுத்துவிட்டார்கள். ரோட்டில் நின்று பார்த்தால் கடல் நேராகக் கண்ணில் வந்து இடித்தது. கிருஷ்ணப்பன் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்து, "சில மேம்பாட்டுப் பணிகள்" என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகையில் புயல் வந்தது. கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்து, அங்கேயே செத்துத் தொலையாமல், திருவண்ணாமலை வழியாக நடந்து அரூர்வரை வந்து, மிச்சமிருந்ததைச் சித்தேரி மலைமேல் கொட்டியது. ஓடை கரையை உடைத்துக்கொண்டு கிருஷ்ணப்பனின் கொல்லைக்குள் புகுந்தது. அர்ச்சுனனுடைய கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு நிறைந்தது. ரிசார்ட் பார்ட்டி போனை எடுக்கவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் கிருஷ்ணப்பன் தனியாகக் கடற்கரைக்குப் போனார். ரோடு பாதியில் முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் பக்கத்துக்காரர்களின் மேடுகள் அரைகுறையாகக் கடிபட்டு, ஆனாலும் நின்றுகொண்டிருந்தன. நடுவில், சரியாக அவருடைய பட்டா அகலத்துக்கு, கடல் ஒரு வாசல் திறந்து உள்ளே போயிருந்தது. நிலம் இருந்த இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்து மணல் முழுக்க அந்தப் பக்கம் விசிறி விரித்ததுபோலப் பரவிக் கிடந்தது. அவருடைய தகரத் தட்டு! அரூரில் காட்டியதிலிருந்து ஒரு தீப்பெட்டிகூட இடம் மாறவில்லை.

விசிறியின் நடுவில் ஓட்டு வீடு, ஜன்னல்வரை மணலில் புதைந்து நின்றது. அதைச் சுற்றி ஆட்கள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சவுக்குத்தோப்பு வழியாகச் சுற்றி, அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறினார்.

ஊருக்கு வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். பிரித்த பாகம் ஒரு வருஷத்துக்குள் வானத்தாலோ தண்ணீராலோ அழிந்துபோனால் மறுபடி உட்கார்ந்து பிரிக்கலாம் என்பதும் அந்த ஊர் வழக்கம்தான். மனிதன் கை பட்டு அழிந்தால் பேச்சே கிடையாது. கடல் வந்ததை மாமனுக்குச் சொன்னார். கை பட்டதைச் சொல்லவில்லை.

மறுபடி அதே வாசல், அதே நாற்காலிகள்.

"இயற்கையின் கோரத் தாண்டவம்!" என்றார் கிருஷ்ணப்பன். "கிணற்றைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். காற்றை நான் எடுத்துக்கொண்டேன். இன்று காற்றும் இல்லை." குரல் உடைந்தது. உடையும் இடத்தைப் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். "கிணற்று நிலத்தில் பாதி. அதற்கு மேல் ஒரு பிடி மண் கேட்க மாட்டேன்."

ஊர் தலையாட்டியது. சென்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அர்ச்சுனன் முகம் செத்துப்போயிற்று. பாகம் கைக்கு வந்ததும் நட்ட மஞ்சள் அந்த நிலத்தில் நின்றது. வேலியோரம் நின்ற ஆட்டிடம், "நான் என்னாடி பண்ணேன்? அவரு பிரிச்சாரு, நான் எடுத்தேன்" என்றான். அவன் பக்கம் பேச ஆட்டை விட்டால் யாரும் இல்லை.

"அப்ப மாப்ள," என்று சென்னப்பன் தொண்டையைச் செருமினார், "தண்ணியால போனது போனதுதான். கிணத்த ரெண்டா..."

கிருஷ்ணப்பனின் கைபேசி அடித்தது. தெரியாத எண். சென்னை பார்ட்டிதான்! இழப்பீடு, மறுபரிசீலனை, எதுவாகவும் இருக்கலாம். ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கரைத் தட்டி, தட்டாக ஏந்திக்கொண்டார்.

"யெஸ், கிருஷ்ணப்பன் பேசுகிறேன்."

"யோவ் செம்மலு!"

ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"கொற இருந்தா இந்த நம்பருக்குப் பேசச் சொன்னியே, பேசறேன் கேளு. உன் நெலம் என் வூட்டுக்குள்ள கெடக்குது. அடுப்புல கெடக்குது, அரிசிப் பானையில கெடக்குது. நடக்க முடியாத என் மாமியாள கயிறு கட்டி ஓட்டப் பிரிச்சித் தூக்குனாங்கய்யா! மேட்ட எடுக்காத எடுக்காதன்னு கத்துனேனே. பொக்லைன வச்சி வழிச்சிட்டுக் கடலுக்குக் கதவு தொறந்து வச்சிட்டுப் போயிட்டியே, பாவி! வந்து உன் நெலத்த அள்ளிட்டுப் போ. இல்ல, நானே லாரியில ஏத்தினு வந்து உன் வூட்டு வாசல்ல கொட்டுவேன்."

கிருஷ்ணப்பன் அணைக்கும் பட்டனைத் தேடினார். ஒலிதான் கூடியது. கடைசியில் அவள்தான் துண்டித்தாள்.

சென்னப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டார். "மாப்ள, மேட்ட யாரு எடுத்தது?"

"மாமா, அது... நில மேம்பாடு."

"பொக்லைன் யாரு வச்சது?"

"சூழ்நிலையைப் பொறுத்து..."

அப்போது அர்ச்சுனன் எழுந்தான். தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, பொட்டுக்கடலையைக் கரைபோலக் குவித்தான். ஊரைப் பார்த்து, அண்ணனின் மேடைக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டான்.

"மாணவச் செல்வங்களே! மேடு இருக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். மேடு இல்லாத இடத்தில்..." ஒரு விரலால் கடலையை வழித்தான். "உள்ளே போகும்!"

சிரிப்பு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. சிரிக்காதவர்கள் மூன்று பேர். கிருஷ்ணப்பன், சென்னப்பன், வாசற்படியில் நின்ற மணிமேகலை.

"கை பட்டிருக்குது. இதுல பேச ஒன்னுமில்ல" என்றார் சென்னப்பன். "கிணறு அர்ச்சுனனுக்குத்தான். நீ அந்தம்மா வூட்டுக்கு ஆளுங்கள இட்டும்போயி மண்ண அள்ளிக் குடு. ஒடஞ்ச ஓட்ட மாத்திக் குடு."

"பரிசீலிக்கிறேன்" என்றார் கிருஷ்ணப்பன்.

மணிமேகலை பரிசீலிக்கவில்லை. மறுநாள் காலை மம்பட்டியைக் கோணியில் சுற்றிக்கொண்டு, தன் அண்ணன் மகன்கள் இரண்டு பேரோடு அரூர் பஸ்ஸில் ஏறினாள். போன காரியம் முடிந்து வந்தபோது உள்ளங்கை கொப்புளித்திருந்தது. சகாயமேரி கிளம்பும்போது ஒரு பை கருவாடு கொடுத்தாளாம். கூடவே, புருஷனுக்கு என்று ஒரு வசவையும் கொடுத்தாளாம். கருவாட்டை மணிமேகலை குழம்பு வைத்தாள். வசவை அப்படியே கொண்டுவந்து சேர்த்தாள், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. மாட்டிடம் சொன்னாள். சோறு வேண்டுமா என்பதையும் அன்றிலிருந்து மாட்டிடம்தான் கேட்கிறாள்.

தையில், கிருஷ்ணப்பன் மிச்சமிருந்த தன் கொல்லையைப் பார்க்கப் போனார். ஓடை கொண்டுவந்து கொட்டிய மணல், நிலத்தின் நடுவில் கரைபோல நீளமாகக் குவிந்து கிடந்தது. நல்ல உயரம். அதைப் பார்த்ததும் தாத்தா மறுபடி எட்டிப்பார்த்தார். பொக்லைன்காரன் அருண்குமார் வந்து வண்டியை நிறுத்தினான்.

"எங்க சார் தள்ளறது?"

கிருஷ்ணப்பன் கீழ்ப்புறம் கையைக் காட்டினார். அங்கே வரப்புக்கு அப்பால் தம்பியின் மஞ்சள் பச்சையாக நின்றது. "அந்த வரப்பை ஒட்டிக் கொட்டு. மஞ்சளுக்கு வெயில் மறைய வேண்டும்."

வரப்புக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அர்ச்சுனன் நிமிர்ந்தான். கத்துவான் என்று கிருஷ்ணப்பன் ஆவலோடு காத்திருந்தார். அவன் ஆட்டிடம் குனிந்தான்.

"வேணான்னு சொல்லிடாதடி. கொட்டட்டும். ஓட மறுபடி ஒடச்சினு வந்தா, நம்ம கிணத்துக்கு ஒரு மேடு இருந்தா நல்லதுதான். செம்மலே சொல்லியிருக்காரு."

"நிறுத்து!" என்று கிருஷ்ணப்பன் கத்தினார். "ஒரு கூடை மண் அந்தப் பக்கம் போகக் கூடாது. கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்!"

"அப்ப எதுக்கு சார் என்னக் கூப்டீங்க? டீசல் போவுது."

அருண்குமார் முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். தம்பியின் வாயில் விழுந்த மண்ணைத் தட்டிப் பறித்த நிறைவில் கிருஷ்ணப்பன் மேட்டின்மேல் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஓடை. மறுபக்கம் கிணறு. நடுவில் மேடு.

ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவில்.

வரப்போரம் அர்ச்சுனன் பாதிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணப்பன் துண்டை வீசி, "அருண்குமார்! அருண்குமார்!" என்று கத்தினார். பொக்லைன் அதற்குள் தார்ரோட்டில் ஏறியிருந்தது. அந்த வண்டி போடுகிற சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பேசுவதே கேட்காது.